முன்சீட்டில் கிளி

திசையன்விளையில் வாடகைக் கார் ஓட்டும் லிங்கதுரையின் புதுக்காரில் டிவித் திரை கறுத்துப்போன அன்று, ஊரிலேயே அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவன் மனைவி ராஜகனிதான். வெளியே "ஐயையோ, எம்புட்டு ஆசையா வாங்குன வண்டி" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பழைய கார் மழை பெய்தால் காலடியில் தண்ணீர் கட்டும் கிழட்டு வண்டிதான், ஆனால் அதில் முன்சீட்டு அவளுடையது; பிள்ளையில்லாத வீட்டைப் பூட்டிவிட்டு அவளும் புருஷனோடு சவாரி போவாள், எந்த முக்கில் திரும்பினால் திருச்செந்தூர் ரோட்டைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்று சொல்வது அவள் வாய், கேசட்டைத் திருப்பிப் போடுவது அவள் கை, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போய் நின்று, "வாங்க... வாங்க... ஒடிச்சு வாங்க... இன்னும் வரலாம்... போதும் போதும்" என்று தெருவுக்கே கேட்கக் கூவுவது அவள் தொண்டை. லிங்கதுரை வாய் திறந்து பேசும் ஆள் இல்லை. அவள் சொன்னபடி ஸ்டீயரிங்கை ஒடிப்பான், அவள் போதும் என்றால் நிற்பான். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சில் பாதி இதுதான், அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

புதுக்கார் வந்தது, ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி, முன்பக்கத்து நடுவில் ஒரு திரை. வழியை அது சொன்னது, அதுவும் ஒரு பெண் குரலில், தேன் தடவிய மாதிரி, "இருநூறு மீட்டரில் இடதுபக்கம் திரும்பவும்" என்று. பாட்டை அது போட்டது. ஏசி அதற்குள் இருந்தது. பின்னால் எடுத்தால் பின்பக்கத்துச் சுவர், குப்பைத்தொட்டி, படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் அதுவே காட்டியது. முதல் நாள் பழக்க தோஷத்தில் இறங்கிப் பின்னால் போய் நின்று "வாங்க" என்று ராஜகனி வாயெடுப்பதற்குள், வண்டி தானாக வந்து சரியான இடத்தில் நின்றுவிட்டது. லிங்கதுரை திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணப் போட்டோவில்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"எவ இவ?" என்று கேட்டாள் ராஜகனி.

"மெஷின்டி."

"மெஷினுக்கு என்னத்துக்கு இம்புட்டு குழைவு?"

அவன் ஸ்டீயரிங்கை வலதுபக்கம் ஒடித்தான், ஏனென்றால் மெஷின் அப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வசம்பைச் சுட்டு விளக்கெண்ணெயில் குழைத்து மை செய்து கொடுப்பவள் ராஜகனி. கன்னத்தில் அவள் மை இருந்தால் பிள்ளையை எந்தக் கண்ணும் ஒன்றும் செய்யாது என்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, மைச்சிமிழைத் திறந்து, திரையின் கீழ்மூலையில் ஒரு பொட்டு வைத்தாள். "திருஷ்டி படக்கூடாதுல்லா" என்று புருஷனிடம் சொன்னாள். வாய் அதைத்தான் சொன்னது. மனசு என்ன சொன்னது என்பது அவளுக்கும் அவள் விரலுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் பொட்டு திரை முழுக்கப் பரவியிருந்தது. கீழே வரிசையாக இருந்த பொத்தான்களும் அணைந்துபோயிருந்தன. என்ஜின் ஓடியது, ஹாரன் அடித்தது, விளக்குகள் எரிந்தன, நடுவில் மட்டும் அமாவாசை.

லிங்கதுரை ஈரத் துணியால் துடைத்தான். கறுப்பு துணியில் ஒட்டவில்லை. ஸ்டாண்டில் உள்ள டிரைவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் திருகைத் தெரியாமல் திருப்பியிருப்பாய் என்றான் ஒருவன், திருப்பிப் பார்த்தார்கள். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இரு, தூங்கின டிவி முழித்துக்கொள்ளும் என்றான் இன்னொருவன், கட்டைவிரல் வெளுக்கும்வரை பிடித்துப் பார்த்தார்கள். ஃபியூஸைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு மாட்டினார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து மாட்டினார்கள், கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனது, திரை அசையவில்லை. நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் அந்தத் திரையைக் கழற்றி வேறு ஒரு காரில் வைத்தபோது அது பளிச்சென்று எரிந்தது, அந்தக் காரின் திரையை இதில் வைத்தபோது அதுவும் கறுத்தது. ஒயரில் கரண்டு வருகிறது, திரை நல்ல திரை, ஆனால் எரியவில்லை என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஏசி இல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு, ராஜகனி முன்சீட்டில் சாய்ந்துகொண்டு, வள்ளியூர் தாண்டினால் ரோடு வேலை நடக்கிறது, உள்ளே புகுந்து போங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொன்னபடி அவன் ஒடித்தான். காற்று நன்றாக வந்தது.

விதி, இட்டமொழி ஊருக்குப் பிரியும் விலக்கில் முட்டை வைத்துக்கொண்டு நின்றது. அடுத்த தெரு சொர்ணகிளி, அங்கன்வாடி டீச்சர், பிள்ளைகளுக்கான முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகாதவள். சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் இவ்வளவு அழகாக இருக்க மாட்டாள் என்று ஊரில் சொல்வார்கள், அதை ராஜகனி ஒத்துக்கொண்டதில்லை. நிறுத்தச் சொன்னதும் ராஜகனிதான். பின்சீட்டில் ஸ்டெப்னியும் சாமான்களும் உருளுகின்றன, முட்டை உடைந்துபோகும் என்று சொல்லி, தானே இறங்கிப் பின்னால் போய், "நீ முன்னால மடியில வச்சு உக்காரு கிளி" என்று சொன்னதும் ராஜகனிதான். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

கிளி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். திரை எரிந்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. முந்தின வெள்ளிக்கிழமை நடுச்சரணத்தில் நின்றுபோன பாட்டு அதே சரணத்திலிருந்து பாடியது, ஏசி குளிர்ந்தது, அந்தக் குழைவுக்காரி, "நேராகச் செல்லவும்" என்றாள்.

"எரியுது அண்ணாச்சி" என்றாள் கிளி, முட்டையைப் பிடித்துக்கொண்டு.

கிளி வாசலில் இறங்கியதும் அணைந்தது. முட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மறுபடி ஏறியதும் எரிந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஒரு வாரம் வாயைப் பிளந்தது, அதற்குப் பிறகு சவாரிக்குத் தேதி குறிக்க ஆரம்பித்தது. கிளியின் போட்டோவை முன்னால் ஒட்டிப் பார்த்தார்கள், கிளியின் சேலையைச் சீட்டில் விரித்துப் பார்த்தார்கள், கிளியின் குரலைப் போனில் பிடித்துப் போட்டுப் பார்த்தார்கள், எதற்கும் மசியவில்லை, ஆள் வேண்டும். கம்பெனியில் இருந்து வந்த இன்ஜினியர் கிளியை ஏறச் சொல்லி இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொல்லி இறங்கச் சொல்லி, கடைசியில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிற மாதிரி சாதாரணமாக, "வண்டி எடுக்கும்போது இவங்களை மறக்காம ஏத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். துபாயில் இருந்து வருகிறவன் ஏசி இல்லாத வண்டியில் ஏறுவானா? ஆகவே தூத்துக்குடி விமான நிலையச் சவாரிக்கு கிளி போக வேண்டியிருந்தது, கிளி போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, தாய்மார்கள் தங்களுக்குள் முறை வைத்து அங்கன்வாடியைப் பார்த்துக்கொண்டார்கள். சோதனைக்கு வந்த மேலதிகாரி அம்மாள் நடந்ததைக் கேட்டு முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு, உவரிக்கு ஒரு நடை போய் வர முடியுமா என்று விசாரித்தாள். "கிளி வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி பேசினார்கள். கல்யாண வீட்டில் காருக்கு ஒரு மாலையும் கிளிக்கு ஒரு மாலையும் வாங்கினார்கள், கோயில் கொடைத் திருவிழாவில் மைக்கில், "கிளி காரை வழியை விட்டு எடுக்கவும்" என்று அறிவித்தார்கள். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் தங்கள் மச்சினி, கொழுந்தி எல்லாரையும் கூட்டி வந்து தங்கள் கார்களில் உட்காரவைத்து, வெளிச்சம் ஏதாவது கூடுகிறதா என்று உற்றுப் பார்த்தார்கள்.

ஊர் வாய்க்குப் பயந்து ராஜகனியும் கூடப் போனாள். ஒற்றை ஆம்பிளையும் கல்யாணமாகாத பெண்ணும் போவது சரியில்லை என்று அவளே சொல்லி, அவளே பின்சீட்டில் ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் புருஷனின் பிடரியும் கிளியின் பின்னலும் தெரியும், நடுவில் திரை ஜொலிக்கும். பாட்டை மாற்றுவது இப்போது கிளியின் விரல். "அண்ணாச்சி, குளிரு கூட்டவா?" என்பது கிளியின் குரல். ராஜகனிக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அந்த வண்டிக்கு ஹெட்லைட்டே தேவையில்லை.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. கிளி பூசுகிற பவுடர் எது என்று விசாரித்து அதையே வாங்கிப் பூசினாள். கிளி மாதிரியே நெருக்கிக் கட்டிய கனகாம்பரம் வைத்தாள், அதே அரக்குச் சேலை எடுத்தாள், ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மடியில் ஒரு தட்டு முட்டையை வைத்துக்கொண்டு, முன்சீட்டில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். திரை கிணறு மாதிரி இருந்தது, அதில் அவள் முகம் மட்டும் தெரிந்தது, பவுடர் திட்டுத் திட்டாக. கிளி மாதிரி சிரித்தும் பார்த்தாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் முட்டைக் குழம்பு, மறுநாளும் முட்டைக் குழம்பு, ஏன் என்று லிங்கதுரை கேட்கவில்லை.

சண்டை கடைசியில் விமான நிலையத்தில் வெடித்தது. லிங்கதுரை ஆளை அழைத்துவர உள்ளே போயிருந்தான். வண்டிக்குள் இரண்டு பெண்கள், ஒரு திரை. கிளி ஏதோ பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி கிளி, அந்தச் சவத்த நிறுத்து. உண்மையச் சொல்லு, என் வீட்டுக்காரருக்கு என்ன மருந்து வச்ச?"

கிளி விரலை எடுத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது மைனி. உக்காருதேன், எரியுது."

"எனக்கு எரியலியே! எனக்கு எரியலியே! உனக்கு மட்டும் ஏன் எரியணும்? இருபத்தஞ்சு வருசம் நான் உக்காந்த எடம் அது."

"எடத்தத்தான மைனி கேக்கிய? எடுத்துக்கிடுங்க." கிளி திரும்பவில்லை, முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "இந்த எடத்துல என்ன இருக்குன்னு உக்காந்து பாத்தாத்தான தெரியும். இத்தனை நாளா அண்ணாச்சி பக்கத்துல உக்காருதேன், ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பியிருப்பாவளா? இந்த டிவியக் கூடப் பாக்கது கெடையாது, வழியும் கேக்கது கெடையாது. அவிய கண்ணு பூராவும் அந்தா தொங்குதுல்லா, அந்தக் கண்ணாடியில. அதுல நீங்கதான தெரியுதிய. நீங்க தூங்குனா பாட்டக் கொறைக்கச் சொல்லுதாவ. நீங்க சேலையப் போத்துனா குளிரக் கொறைக்கச் சொல்லுதாவ. எனக்கு வெளிச்சந்தான் மைனி விழுது."

ராஜகனி வாயடைத்துப் போனாள் என்று சொன்னால் அது பொய். "அது பின்னால வார லாரியப் பாக்காவ" என்று வெடுக்கென்று சொன்னாள்.

"அப்ப லாரியா இருக்கும்" என்றாள் கிளி. "உங்க மேல எனக்கு எம்புட்டுப் பொறாமைன்னு உங்களுக்குத் தெரியாது மைனி. பணகுடிக்கு மாத்தல் கேட்டிருக்கேன். வந்துரும்" என்றாள். அவள் சிரிக்கவும் செய்தாள், ஆனால் அந்தச் சிரிப்பில் பல் தெரியவில்லை.

மாற்றல் வந்தது. ஊர் கிளியை வழியனுப்பியது, அங்கன்வாடிப் பிள்ளைகள் அழுதார்கள், லிங்கதுரையின் காரில்தான் சாமான்களை ஏற்றிப் பணகுடியில் கொண்டுபோய் விட்டார்கள். கிளி இறங்கியதும் திரை அணைந்தது. கிளி ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதை ஒரு தடவை தொட்டாள், பிள்ளையின் கன்னத்தைத் தொடுவது மாதிரி. "வாரேன் மைனி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ராஜகனி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டாள். துபாய்க்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள், உள்ளூர்ச் சவாரி போதும் என்று லிங்கதுரை சொல்லிவிட்டான், ஊரும் கிளி காரைக் கொஞ்ச நாள் பேசிவிட்டு, காய்க்கிற நேரம் முருங்கைக்குப் பூச்சி விழுந்ததைப் பேசப் போய்விட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, இங்கே திரும்புங்க, அங்கே மாடு நிற்குது என்று ராஜகனி மறுபடியும் சொன்னாள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கிப் போய் நின்று, "வாங்க... ஒடிச்சு வாங்க..." என்று விட்ட நாளுக்கும் சேர்த்துக் கூவினாள். அவன் ஒடித்தான். எல்லாம் பழையபடி இருந்தது.

இல்லை, இல்லை. பழையபடி இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு மத்தியானம், உவரியில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுவிட்டு, செம்மணல் மேடுகள் கிடக்கும் தேரி வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ரோட்டில் ஈ காக்காய் இல்லை. ராஜகனி எதையோ சொல்லிக்கொண்டே தற்செயலாகப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் ரோட்டில் இருந்து எழுந்து, மேலே தொங்கும் கண்ணாடிக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகு ரோட்டுக்கு வந்தது. அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். லாரி இல்லை, சைக்கிள்கூட இல்லை. காலி ரோடு, காலிப் பின்சீட்டு.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அவன் கண் மேலே போனது. இந்தத் தடவை அவன் உதடும் லேசாக விரிந்தது.

"என்னத்தப் பாக்கிய?"

"ஒண்ணுமில்ல."

"பின்னால யாரு இருக்கா?"

"யாருமில்ல. பழக்கம்." அவனுக்கு அதற்கு மேல் சொல்லி வழக்கமில்லை, ஆனால் அன்று என்னவோ சொன்னான். "நீ அங்கன இருப்பல்லா. மூஞ்சிய உர்ருனு வச்சுக்கிட்டு. சன்னல்ல தல சாஞ்சு, ஒறங்கி ஒறங்கி விழுந்துக்கிட்டு. பாத்துக்கிட்டே வருவேன்."

"நான்தான் இங்கன இருக்கேனே!"

"ஆமா, இருக்க" என்றான். அவன் கண் ரோட்டில்தான் இருந்தது. அவள் பக்கம் திரும்பவில்லை. டிரைவர் எப்படித் திரும்புவான்?

ராஜகனிக்கு உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் மேல் வந்தது இந்த அளவு இல்லை, கிளி மேல் வந்தது இந்த அளவு இல்லை. அந்தப் பின்சீட்டுக்காரி, அந்த உர்ரென்ற மூஞ்சிக்காரி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினவள், ஒரு வார்த்தை வழி சொல்லாமல், ஒரு பாட்டு மாற்றாமல், ஒரு "வாங்க" சொல்லாமல், இந்த மனுஷனின் கண் முழுவதையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இருபத்தைந்து வருஷம் முன்சீட்டில் தொண்டை கிழியக் கத்தினவளுக்கு அவன் பிடித்திருந்த ஸ்டீயரிங்தான் மிச்சம். கிளி சொன்னது உண்மை, இந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பின்சீட்டுச் சிறுக்கி மட்டும் இப்போது எதிரே வந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பாள்.

"வண்டிய நிறுத்துங்க."

அவன் பதறிப்போய்த் தேரி ஓரத்தில், ஒரு கொல்லாமரத்து நிழலில் நிறுத்தினான். ராஜகனி இறங்கினாள். முன்கதவைப் படாரென்று சாத்தினாள். பின்கதவைத் திறந்து ஏறி, நடுவில் உட்கார்ந்து, சேலையைச் சரி செய்து, மூஞ்சியை எப்படி வைத்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்து, உர்ரென்று வைத்துக்கொண்டு, நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

அங்கே அவன் கண் ஏற்கெனவே வந்து காத்திருந்தது. அந்தக் கண்ணை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஓரத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை.

முன்னால், ஆளில்லாத சீட்டுக்குப் பக்கத்தில், திரை எரிந்தது. பொத்தான்கள் வரிசையாகக் கண் திறந்தன. "நேராகச் செல்லவும்" என்றாள் குழைவுக்காரி. லிங்கதுரை அதைக் கவனிக்கவில்லை. ராஜகனி கவனித்தாள், அவனிடம் சொல்லவில்லை.